50 வருஷ பழைய ஸ்கூபா ரெகுலேட்டரை நம்பி கடலுக்குள் இறங்கலாமா? பழசுக்கும் புதுசுக்கும் என்ன வித்தியாசம்?

கடலுக்கு அடியில் 30 மீட்டர் ஆழம். வாயில் கவ்வியிருக்கும், கைக்கு அடக்கமான ஒரு கருவி வழியாகத்தான் ஒவ்வொரு மூச்சும் வந்தாக வேண்டும். ஸ்கூபா டைவர்கள் இதை 'செகண்ட் ஸ்டேஜ்' என்கிறார்கள்.

1970களில் செய்யப்பட்ட பித்தளை செகண்ட் ஸ்டேஜ்களை இன்றும் ஆசையாகப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். "பழசுதான் கெட்டி" என்பது அவர்கள் கட்சி. "உயிர் விஷயத்தில் பழசு எதுக்கு?" என்பது எதிர்க்கட்சி. உண்மையில் யார் சொல்வது சரி?

செகண்ட் ஸ்டேஜ் என்ன செய்கிறது?

முதுகில் இருக்கும் சிலிண்டரில் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். சிலிண்டர் வாயில் மாட்டியிருக்கும் 'ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்' அதை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9, 10 பார் அதிகம் என்ற அளவுக்குக் குறைத்து அனுப்பும். அதையும் அப்படியே சுவாசிக்க முடியாது.

மீதி வேலை வாயருகே நடக்கிறது. செகண்ட் ஸ்டேஜுக்குள் டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் தகடு உண்டு. மூச்சை இழுத்தால் அது உள்ளே குழிந்து ஒரு லீவரை அழுத்தும், லீவர் வால்வைத் திறக்கும், காற்று வரும். இழுப்பதை நிறுத்தினால் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். அவ்வளவுதான்! 1950களில் ஆஸ்திரேலியாவின் டெட் எல்ட்ரெட், ஒற்றைக் குழாய் கொண்ட 'போர்பாய்ஸ்' கருவியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து அடிப்படை பெரிதாக மாறவில்லை.

அப்போ மாறியது என்ன?

ஸ்கூபாப்ரோ நிறுவனத்தின் இரண்டு பழைய மாடல்களை எடுத்துக்கொண்டால் எளிதில் புரியும். 109, 156 என்பவை அவற்றின் எண்கள். இரண்டுக்கும் குரோம் பூசிய அதே பித்தளைக் கூடுதான். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வித்தியாசம் உள்ளே, வால்வில்.

109-ல் ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து வரும் காற்று வால்வைத் திறக்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதைத் தடுத்து மூடி வைக்க வலுவான ஸ்பிரிங் தேவை. சிலிண்டரில் காற்று குறையும்போது சில வகை ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்கள் அனுப்பும் அழுத்தமும் குறையும். ஆனால் ஸ்பிரிங் அதே பலத்தோடு மூடிக்கொண்டிருக்கும். விளைவு, டைவின் கடைசியில் மூச்சை இழுக்கக் கஷ்டமாக இருக்கும்.

156-ல் வால்வுத் தண்டு நடுவில் துளையோடு இருக்கும். அதே காற்று அதன் வழியாகப் பின்னால் போய், முன்னாலிருந்து வரும் தள்ளுதலை ஈடுகட்டிவிடும். அதனால் மெலிதான ஸ்பிரிங்கே போதும். இதைத்தான் 'பேலன்ஸ்டு' என்கிறார்கள். சுவாரசியம் என்னவென்றால், உள்பாகங்களை மாற்றி 109-ஐ 156 ஆகவே ஆக்கிவிடலாம். பிறகு வந்த பிளாஸ்டிக் கூடு ஜி250-லும் இதே பேலன்ஸ்டு தத்துவம்தான். ஆக, நன்றாக டியூன் செய்த ஒரு பழைய 156, இன்றைய நல்ல மாடல்கள் பலவற்றுக்குச் சளைத்ததல்ல.

பிளாஸ்டிக் எதற்கு வந்தது?

முக்கியக் காரணம் எடை. ஒரு மணி நேரம் பல்லில் கடித்துக்கொண்டிருந்தால் தாடை வலிப்பது யாருக்கு என்று டைவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் பித்தளையிலும் லாபம் உண்டு. வெளிவிடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த உலோகத்தில் படிவதால் வாய் அதிகம் வறளாது. மிகக் குளிர்ந்த நீரிலும் உலோகம் சுற்றியுள்ள நீரின் வெப்பத்தை உள்ளே கடத்தி, பாகங்கள் உறைவதைக் கொஞ்சம் தடுக்கும்.

காற்று உள்ளே பாயும் வேகத்தையே வைத்து டயாஃப்ரத்தைக் குழிய வைக்கும் 'வென்சுரி' அமைப்பும், அதைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்சும் புது மாடல்கள் பலவற்றில் இருக்கின்றன. மூச்சு மிக இலகுவாக வரும். ரொம்பவும் இலகுவாக வைத்தால், வாயிலிருந்து எடுத்த நொடியே காற்று தானாகக் கொட்டத் தொடங்கிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆழத்தில்தான் தெரியும் விஷயம்

கடையில் ஊதிப் பார்த்து "சூப்பரா வருது" என்பதில் அர்த்தமில்லை. 30 மீட்டரில் அழுத்தம் 4 பார், காற்றின் அடர்த்தியும் மேலே இருப்பதைப் போல 4 மடங்கு. இழுக்கச் சிரமப்பட்டால் உடலில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும், மூச்சு வாங்கும், பதற்றம் வரும். அதனால்தான் ஐரோப்பாவின் இஎன் 250 தரநிலை 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லிட்டர் என்ற வேகமான சுவாசத்தில் கருவியைச் சோதிக்கிறது. ஒரு லிட்டர் காற்றைச் சுவாசிக்கச் செலவாகும் உழைப்பு 3 ஜூலைத் தாண்டக் கூடாது.

உண்மையான ஆபத்து எது?

வயதான ரப்பர். பித்தளைக் கூடு அரை நூற்றாண்டு தாங்கும், டயாஃப்ரமும் வெளிமூச்சு வால்வும் தாங்காது. வால்வின் மென்மையான அடைப்பு, காற்று வரும் துளையின் விளிம்பில் வருஷக்கணக்கில் அழுந்திக் கிடந்தால் பள்ளம் விழுந்து கசியும். பயன்படுத்தாதபோது அந்த விளிம்பைத் தானாகவே விலக்கி வைக்கும் அமைப்பை அட்டாமிக் அக்வாட்டிக்ஸ் போன்ற நிறுவனங்கள் கொடுப்பது இதற்காகத்தான்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இரண்டு உண்டு. முதலாவதுக்கு சிலிண்டரே வேண்டாம். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் மூடியைப் போட்டுவிட்டு செகண்ட் ஸ்டேஜில் மூச்சை இழுக்க வேண்டும். துளிக்கூட காற்று வரக் கூடாது. வந்தால், கடலில் அதே வழியாகத் தண்ணீர் வரும்.

இரண்டாவதில் சிலிண்டரைத் திறந்துவிட்டு, வாய்ப்பகுதி மேலே பார்த்தபடி செகண்ட் ஸ்டேஜை ஒரு வாளித் தண்ணீரில் மெதுவாக இறக்க வேண்டும். நல்ல கருவியில் சுமார் 2.5 முதல் 4 சென்டிமீட்டர் முங்கும்போதே காற்றுச் சத்தம் கேட்கும். அதைவிட ரொம்ப ஆழம் போனால் சர்வீஸ் தேவை. கழற்றிப் பார்க்கும் வேலை மட்டும் பயிற்சி பெற்ற டெக்னீஷியனுக்கு உரியது.

செகண்ட் ஹேண்டில் மலிவாக ஒன்று கிடைக்கிறது என்றால், விலை பேசுவதற்கு முன்பே அந்த மாடலுக்கு டயாஃப்ரம், வால்வு அடைப்பு, ஓ-ரிங் அடங்கிய சர்வீஸ் கிட் இன்னும் கிடைக்கிறதா என்று டெக்னீஷியனிடம் விசாரித்துவிடுவது நல்லது. கிட் கிடைக்காவிட்டால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது அலமாரியில் வைக்கும் அலங்காரப் பொருள்தான்.