கப்பலில் படிந்த கல்நார்த் தூசி: மருத்துவரிடம் கூற மறவாதீர்

அமெரிக்கக் கடற்படையின் தலைமைத் தளபதியாக 1970 முதல் 1974 வரை விளங்கியவர் அட்மிரல் எல்மோ சும்வால்ட். இரண்டாம் உலகப் போரில் போர்க்கப்பல்களில் பணிபுரிந்த அவர், 2000 ஜனவரியில், தமது 79ஆம் வயதில், மீசோதெலியோமா என்னும் புற்றுநோயால் காலமானார். இந்நோய்க்கு முதன்மையான காரணம் ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார்.

கப்பலில் கல்நார் ஏன்?

கல்நார் தீப்பற்றாது, வெப்பத்தைத் தடுக்கும். ஆகவே 1970கள் வரை அமெரிக்கப் போர்க்கப்பல்களின் கொதிகலன்களும் நீராவிக் குழாய்களும் கல்நாரால் போர்த்தப்பட்டன. பழுதுபார்க்க அவ்வுறையைப் பிரித்தபோது, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிழைகள் காற்றில் கலந்தன. காற்றோட்டம் குறைந்த கீழ்த்தளங்களில் உழைத்த கொதிகலன், குழாய், எந்திரப் பணியாளர்களே அவற்றை மிகுதியாகச் சுவாசித்தனர்.

தாமதமாக வெளிப்படும் நோய்

நுரையீரலில் தங்கிய இழைகள் எளிதில் வெளியேறுவதில்லை. நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலின் மேலுறையைத் தாக்கும் மீசோதெலியோமா ஆகியவை அவற்றால் வரக்கூடும். மீசோதெலியோமா வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஆகலாம். அதனால் மூச்சுத்திணறலை முதுமையின் இயல்பெனக் கருதிவிடுகிறோம். புகைப்பழக்கமும் சேருமாயின் நுரையீரல் புற்றுநோயின் அபாயம் பன்மடங்காகும்.

கல்நாரைச் சுவாசித்த அனைவருக்கும் நோய் வருவதில்லை. அச்சம் வேண்டா, விழிப்பு வேண்டும். நீங்காத வறட்டு இருமல், படியேறுகையில் மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, காரணமற்ற எடைக்குறைவு ஆகியவை தோன்றின் உடனே மருத்துவரை அணுகுங்கள். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், நுரையீரல் செயல்திறன் சோதனை ஆகியவை நிலையைக் காட்டும். ஏறிய தழும்பை மாற்ற இயலாது; ஆயினும் புகையை விடுதல், நிமோனியா, ஃபுளூ தடுப்பூசிகள், மூச்சுப்பயிற்சி ஆகியவை பெரிதும் துணைபுரியும்.

பராமரிப்போர் கவனத்திற்கு

எந்நாட்டுக் கப்பலாயினும், உங்கள் வீட்டு முதியவர் பணிபுரிந்த கப்பல், ஆண்டுகள், பிரிவு, செய்த வேலை ஆகியவற்றைக் கேட்டு ஒரு தாளில் குறித்து வாருங்கள். மருத்துவர் கேளாவிடினும் அதனைக் காட்டுங்கள். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றியவராயின், அந்நாட்டின் முன்னாள் படைவீரர் நலத்துறையிடம் இழப்பீடு கோரவும் அக்குறிப்பு பயன்படும். தூசி படிந்த பணியுடைகளை வீட்டில் துவைத்தவர்களுக்கும் இந்நோய் வந்துள்ளது. ஆதலின் அவ்வாறு துவைத்தவர் நீங்களாயின், உங்களைப் பற்றியும் அத்தாளில் ஒரு வரி எழுதுங்கள்.