காப்புக் குன்றிய உடலும் கொள்ளைநோய்க் காலமும்

கொள்ளைநோய் ஒன்று உலகிற் பரவுங்கால் அதனை எல்லாரும் ஒரே வகையாக அனுபவிப்பதில்லை. 2020ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொவிட்-19 நோய்ப் பரம்பலைப் பன்னாட்டு அவசரநிலையென அறிவித்தது. அவ்வவசரநிலை முடிவுற்றதென 2023ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் அறிவித்தது. கொள்ளைநோய்க் காலம் என்பது இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்டதே எனப் பலர் கொள்வர். ஆயின், அக்கணக்கு எவ்வகையானும் பொருந்தாத மக்கட் கூட்டம் ஒன்று உண்டு. விஞ்ஞான நூல்கள் நிர்ப்பீடனம் எனக் குறிக்கும் இயல்பான காப்பாற்றல் குன்றிய உடலினர் அவர். அன்னாரின் அன்றாட வாழ்வு அக்காலத்தில் எவ்வாறு அமைந்தது என்பதை, சிறப்பாக இங்கிலாந்தில் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரை முன்வைத்து, ஈண்டு விளக்க முற்படுவாம். இங்கிலாந்தைத் தெரிந்தமைக்குக் காரணம், அந்நாட்டரசு இத்தகையோரைப் பட்டியலிட்டு, ஒவ்வொருவர்க்கும் கடிதம் எழுதி, வீட்டினுள் இருக்குமாறு கூறியமையே.

2020ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பல நாடுகளிலும் ஒரு வாசகம் வழங்கிற்று. இந்நோயால் இறப்போர் பெரும்பாலும் முதியோரும் முன்னரே நோயுற்றிருந்தோருமே என்பது அது. கேட்போரின் அச்சத்தைத் தணித்தற்பொருட்டே அது சொல்லப்பட்டது. ஆயின், கேட்போருள் அந்நோயுற்றோரும் இருந்தனர் என்பதைச் சொன்னோர் எண்ணினாரல்லர். ஒரு சாரார்க்கு ஆறுதலாய் அமைந்த செய்தியே மற்றொரு சாரார்க்குத் தம் பெயர் எழுதிய ஓலைபோல வந்து சேர்ந்தது.

இனி, இக்காப்பு யாது, அது குன்றுவது யாங்ஙனம் என்பதைச் சிறிது நோக்குவாம். குருதியிலுள்ள வெண்குழியங்களுள் நிணநீர்க்குழியம் எனப்படுவன, உடலுக்குரிய பொருளையும் அயற்பொருளையும் பகுத்தறிவன. அயற்பொருளைக் கண்டவிடத்துச் சில பிறபொருளெதிரி என்னும் புரதத்தை ஆக்கும். சில தாமே சென்று தாக்கும். வைரசை ஒழிக்கும் இவ்வாற்றலே, பிறிதொருவரிடமிருந்து பெற்றுப் பொருத்திய சிறுநீரகத்தையும் பகையென எண்ணி ஒழிக்க முற்படும். 1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் நிகழ்ந்து வெற்றிபெற்ற சிறுநீரக மாற்றுச் சிகிச்சை, உருவொத்த இரட்டையர் இருவர்க்கிடையே நிகழ்ந்தது. ஒருவர் உறுப்பை மற்றவர் உடல் அயலெனக் கொள்ளாமைக்கு அதுவே காரணம். அத்தகைய உடன்பிறப்பு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆகவே, காப்பாற்றலையே அடக்கும் மருந்துகளைத் தேடவேண்டியதாயிற்று. நோர்வே நாட்டு மண்ணிற் கண்ட பங்கசு ஒன்றிலிருந்து சைக்கிளோஸ்போரின் என்னும் மருந்தும், யப்பானின் சுக்குபா என்னுமிடத்து மண்ணிற் கண்ட பற்றீரியா ஒன்றிலிருந்து தக்ரோலிமசு என்னும் மருந்தும் கிடைத்தன. பொருத்திய உறுப்புத் தொழிற்படுங்காறும் இத்தகைய மருந்துகளை நாள்தோறும் உட்கொள்ளல் வேண்டும். நிறுத்தின் உறுப்புக் கெடும். தொடரின் கிருமிகளுக்கு வாயில் ஓரளவு திறந்தேயிருக்கும்.

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோரும், தம் உடலையே தம் காப்பாற்றல் தாக்கும் லூபசு முதலிய நோயினரும் இவ்வகையினரே. காப்பாற்றலின்றியே பிறந்து, அமெரிக்காவிற் கிருமி புகாத பிளாஸ்ரிக் கூட்டினுள் வாழ்ந்து பன்னிரண்டாம் வயதில் இறந்த டேவிட் வெற்றர் (1971–1984) என்னும் சிறுவனின் கதையை அறிந்தோர் பலர். அது காரணமாகவே போலும், காப்புக் குன்றியோர் என்றவுடன் கூட்டினுள் வாழ்வாரையே பலரும் நினைக்கின்றனர். உண்மையோ வேறு. பேருந்தில் நம் பக்கத்திருப்போராய், அலுவலகத்தில் உடனுழைப்போராய் அவர்கள் வாழ்கின்றனர்; முகத்தில் அடையாளம் யாதுமில்லை.

இங்கிலாந்தில் 2020 மார்ச்சு 22ஆம் நாள், இத்தகையோர் பன்னிரண்டு வாரங்களுக்கு வீட்டைவிட்டு வெளியேறாதிருக்க வேண்டுமென அறிவிக்கப்பட்டது. கேடயமிடல் என்று பொருள்படும் ‘ஷீல்டிங்’ என்னும் பெயரை அதற்கிட்டனர். மே மாதமளவில் அப்பட்டியலில் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் இருந்தனர். உவமை பொருத்தமற்றது என்பது எம் கருத்து. கேடயம் பிடிப்பவன் வெளியே நின்று அம்பினைத் தாங்குவான். இங்கோ காக்கப்பட வேண்டியவரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்தனர். நம்மூரில் அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி அயலாரை விலக்குவது வழக்கம். அங்கே நோயாளி விலகியிருப்பது பிறர்க்குத் தொற்றாமைப் பொருட்டு. இங்கே தொற்றில்லாதவர் தம் உயிரின் பொருட்டு ஊரனைத்திலிருந்தும் விலகியிருந்தார்.

ஊரிலிருந்து மாத்திரமா? தம் இல்லத்தாரிடமிருந்தும் விலகியிருக்குமாறு அவ்வறிவுரை கூறிற்று. இயன்றவரை ஏனையோரிடமிருந்து இரண்டு மீற்றர் தள்ளியிருத்தல், வேறு படுக்கை, வேறு துவாய், இயலுமாயின் வேறு குளியலறை, சமையலறையைப் பிறர் பயன்படுத்தாத வேளையிற் பயன்படுத்தல், உணவைத் தம் அறைக்குக் கொண்டு சென்று உண்ணல் என்பன அதன் கூறுகள். இரண்டு அறைகளே கொண்ட வீட்டில் மனைவியும் பிள்ளைகளுமாக வாழும் ஒருவர் இதனைக் கடைப்பிடிக்குமாறு எவ்வாறு? அறிவுரையை எழுதியோர் வீடுகளின் அளவை மறந்தனர் போலும். வேண்டியோர் வீட்டு வாயிலிற் பாஸ்ரா, தகரத்தில் அடைத்த உணவு, பாண், பழம் முதலியன கொண்ட பெட்டி வைக்கப்பட்டது. மருந்துகளைத் தொண்டர் கொணர்ந்தனர். இவை நற்பணிகளே, ஐயமில்லை.

உணவைப்போல வைத்தியத்தையும் வாயிலிற் கொணர்ந்து வைத்தல் எளிதன்று. தக்ரோலிமசின் அளவு குருதியிற் கூடினும் தீங்கு, குறையினும் தீங்கு. ஆதலாற் குருதிப் பரிசோதனை இன்றியமையாதது. வைத்தியசாலையோ நோய்த்தொற்று மிக்க இடம். போகாதிருத்தலும் ஆபத்து, போதலும் ஆபத்து என்னும் நிலையில், ஒவ்வொரு பரிசோதனையையும் தள்ளிப்போடலாமா என எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று. அன்றியும், ஸ்ரெரொயிட்டு மருந்து உட்கொள்வோரிற் காய்ச்சல் சிலவேளை மறைந்து நிற்கும். ஏனையோர்க்கு எச்சரிக்கை மணியாகிய வெப்பமானி இவர்க்கு முற்றிலும் நம்பத்தக்கதன்று. பிறருடைய அவசரமும் இவர்களைத் தாக்கிற்று. ஹைட்ரொக்சிகுளோரோகுயின் என்னும் மருந்து கொவிட் நோயைத் தீர்க்குமென நம்பி, 2020 மார்ச்சு 28இல் அமெரிக்க அதிகாரிகள் அதற்கு அவசர அனுமதி வழங்கினர். பயன் தெளிவுபடாமையால் யூன் 15இல் மீளப்பெற்றனர். இடைப்பட்ட காலத்தில், அதனையே நீண்டகாலமாக நம்பி வாழ்ந்த லூபசு நோயினர் பலர் மருந்துக்கடைகளில் அது கிடைக்காமல் இடர்ப்பட்டனர்.

2020 ஓகத்து 1ஆம் நாள் இங்கிலாந்தில் இவ்வேற்பாடு இடைநிறுத்தப்பட்டது. உணவுப் பெட்டி நின்றது. வீட்டிலிருந்தமைக்காகக் கிடைத்த நோய்விடுப்புப் பணமும் நின்றது. செத்தெம்பரிற் பாடசாலைகள் எல்லா மாணவர்க்கும் திறக்கப்பட்டன, வரவும் கட்டாயமாயிற்று. தந்தையோ தாயோ காப்புக் குன்றியவராயினும் பிள்ளை பள்ளிக்குச் செல்லவே வேண்டும். ஆசிரியத் தொழிலினேனாகிய எனக்கு இப்பகுதியே மிகுதியும் சிந்தனை தருகின்றது. முப்பது பிள்ளைகளோடு ஒரே அறையிலிருந்து வீடு திரும்பும் சிறுவன், வாயிலிற் சீருடை களைந்து, கைகழுவி, ஓடிச்சென்று தாயைத் தழுவாமல் நிற்கப் பழகவேண்டியவனானான். நோய் வீட்டினுள் நுழையுமாயின் அது தன்னாலேயே நுழையும் என்பதை அறிந்துகொண்டு எழுத்தும் எண்ணும் கற்பது சிறு பாரமன்று. அப்பாரத்தை அளக்கும் கருவி யாதும் பாடசாலைகளில் இருந்ததில்லை.

அவ்வாண்டு டிசம்பர் 8இற் பிரித்தானியாவிற் தடுப்பூசியேற்றல் தொடங்கிற்று. இனி விடுதலை என்றே இவர்களும் எண்ணினர். ஆயின், தடுப்பூசி தானே நோயைத் தடுப்பதன்று. நோய் இன்னதென நிணநீர்க்குழியங்களுக்குக் கற்பிப்பது மாத்திரமே அதன் தொழில். ஆசான் வந்தான், மாணாக்கரோ மருந்தினால் உறங்கிக் கிடந்தனர். அமெரிக்காவின் யோன்சு ஹொப்கின்சு பல்கலைக்கழகத்தார் 2021 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வின்படி, முதலாம் ஊசி பெற்ற உறுப்பு மாற்றாளர் 436 பேரிற் பிறபொருளெதிரி தோன்றியது 17 வீதத்தினர்க்கே. இரண்டு ஊசிகளும் பெற்ற 658 பேரைப் பற்றிய அவர்களது அடுத்த ஆய்வு அவ்வளவு 54 வீதமானதைக் காட்டிற்று. ஏனையோர்க்கு இரண்டு ஊசிகளின் பின்னும் அளவிடத்தக்க பயன் காணப்படவில்லை. பிரான்சில் 101 உறுப்பு மாற்றாளர்க்கு மூன்றாவது ஊசியும் ஏற்றிப் பார்த்தபோது, 40 வீதம் 68 ஆக உயர்ந்தது. சாதாரண உடலினரில் இரண்டு ஊசிகளே ஏறத்தாழ எல்லாரிலும் பிறபொருளெதிரியைத் தோற்றுவித்தன என்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பிறபொருளெதிரி மாத்திரமே காப்பன்று, தாக்கும் குழியங்களும் உள என்பது மெய். எனினும், ஊசி பெற்றேன், இனி அச்சமில்லை என்று சொல்லும் உரிமை இவர்களிற் பலர்க்கு இல்லாதொழிந்தது.

2021 மார்ச்சு இறுதியிற் பிரித்தானியத் தடுப்பூசி ஆலோசனைக் குழுவினர், காப்பு மிகக் குன்றியோரோடு ஒரே வீட்டில் வாழும் வளர்ந்தோர்க்கும் முன்னுரிமை வழங்குமாறு கூறினர். தன் உடலில் எழாத மதிலை அருகிலுள்ளோர் உடலில் எழுப்பும் முயற்சி இது. எமது மதிப்பில், அக்காலத்து முடிவுகளுள் இந்நோயாளரின் நிலையை நன்கு விளங்கிக்கொண்டு செய்யப்பட்டது இதுவே.

ஆக்கி முடித்த பிறபொருளெதிரிகளையே ஊசிமூலம் உட்செலுத்தும் வழியும் ஒன்றுண்டு. எவுஷெல்ட் என்னும் அத்தகைய மருந்துக்கு 2021 டிசம்பரில் அமெரிக்கா அனுமதியளித்தது. பிரித்தானியா 2022 மார்ச்சில் அனுமதித்தும், அதனை வாங்குவதில்லையென அரசு ஓகத்தில் முடிவு செய்தது. புதிய வைரசு வகைகளை அம்மருந்து தடுக்குமென்பதற்குச் சான்று போதாதென்பது கூறிய காரணம். நோயாளர் சங்கங்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தன. 2023 சனவரியில் அமெரிக்காவும் அதன் பயன்பாட்டை நிறுத்திற்று. அதற்குள் வைரசு உருமாறி அம்மருந்தைக் கடந்துவிட்டது. நோய் கண்டபின் உட்கொள்ளும் பக்சுலோவிட்டு மாத்திரையிலும் ஓர் இடர் உண்டு. அதிலுள்ள ரிற்றோனவிர் என்னும் பகுதி, குருதியில் தக்ரோலிமசின் அளவை ஆபத்தான நிலைக்கு உயர்த்தவல்லது.

2021 யூலை 19ஆம் நாள் இங்கிலாந்தில் முகக்கவசம் அணிதல் முதலான சட்டக் கட்டுப்பாடுகளிற் பெரும்பாலன நீக்கப்பட்டன. நோயுற்றோர் தனித்திருக்க வேண்டுமென்ற சட்டமும் 2022 பெப்ரவரி 24இல் ஒழிந்தது. பெரும்பாலோர்க்கு அவை மகிழ்ச்சி நாட்கள். காப்புக் குன்றியோர்க்கோ, முன்பு ஊரார் அனைவரும் பகிர்ந்து சுமந்த சுமை அன்றுமுதல் தனிச்சுமையாயிற்று. கடையில் எல்லாரும் முகக்கவசம் அணிந்திருந்தபோது உள்ளே செல்லத் துணிந்தவர், தாம் ஒருவர் மாத்திரம் அணியும்போது துணியமாட்டார். நோயாளி விடும் மூச்சினை ஊற்றிலேயே தடுப்பதும், அறையெங்கும் பரந்தபின் அதனை வடிகட்டிச் சுவாசிப்பதும் ஒன்றல்ல. போதாக்குறைக்கு ‘இன்னுமா அணிகின்றீர்?’ என்ற வினா வேறு. அதற்கு விடை கூறப்புகின் தன் நோய் வரலாறு முழுவதையும் அயலார்முன் விரித்துரைக்க வேண்டும். ஆகையால் வினவப்படும் இடங்களுக்கே போகாதுவிட்டோர் பலர். திருமண வீடும் இறந்தோர் வீடும் அவ்விடங்களுள் அடங்கும்.

2025ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்திலும் இங்கிலாந்தில் 75 வயதைக் கடந்தோர்க்கும் முதியோர் இல்லத்தார்க்கும் காப்புக் குன்றியோர்க்கும் தடுப்பூசி ஏற்றப்பட்டது. வைரசு உலகைவிட்டு அகலவில்லை.

இறுதியாகக் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மூடிய அறையிற் பலர் மூச்சுவிடக் காபனீரொட்சைட்டு மிகும்; அது மிகுதல், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் உள்ளிழுக்கின்றனர் என்பதற்கு அறிகுறி. 2021ஆம் ஆண்டின் இலையுதிர் காலத் தவணைக்கென, அதனை அளக்கும் கருவிகள் ஏறத்தாழ 3 இலட்சத்தை இங்கிலாந்துப் பாடசாலைகளுக்கு வழங்க அரசு முன்வந்தது. திறந்தவெளியில் அவ்வளவு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு. வகுப்பறையில் 1500ஐக் கடக்குமாயிற் காற்றோட்டம் போதாதென்பது அங்கு வகுத்த அளவு. அரைச்சுவர் வகுப்பறைகளிற் கற்பிக்கும் நம்மிற் பலர்க்கு அக்கருவி தேவைப்படாது. பனி பெய்யும் நாட்டு ஆசிரியரோ, மேசைமேல் அவ்வெண் ஏறுவதைக் கண்டு, பிள்ளைகளை மேலங்கி அணியச் சொல்லி எழுந்து சென்று சாளரத்தைச் சிறிது திறந்து வைப்பார். எப்பிள்ளையின் வீட்டில் யார் காத்திருக்கின்றார் என்பது அவர்க்குப் பெரும்பாலும் தெரியாது.