வெள்ளம் வடிந்த பிறகு: அன்றும் இன்றும்

சென்னை 1943-இல் வெள்ளத்தைப் பார்த்தது, 1976-இல் பார்த்தது, 1985-இல் பார்த்தது, 2015 டிசம்பரிலும் பார்த்தது. தண்ணீர் வடிந்த பின் நம்மைத் தாக்குவது மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

அன்று ஊரே நடுங்கியது வாந்திபேதிக்குத்தான். அந்தப் பயத்தை உடைத்தது உப்புச் சர்க்கரைக் கரைசல். 1971-இல் வங்கதேச அகதிகள் நிரம்பிய பொங்கான் முகாமில் காலரா பரவியபோது சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று ஓ.ஆர்.எஸ். பாக்கெட் மருந்துக் கடைகளிலெல்லாம் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போதும்.

அன்று கிணற்றில் வெள்ளம் புகுந்தால் முழுக்க இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, ஊறவிட்டு, மறுபடி இறைத்த பிறகே புழங்குவார்கள். இன்று கிணறு இருந்த இடத்தில் சம்ப் இருக்கிறது. அதன் மூடி தரைமட்டத்தில். தெருவில் பொங்கும் சாக்கடை நேரே உள்ளே இறங்கும். இரண்டு நாளில் சேறு அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து தெரியும். அதை நம்பி மோட்டார் போட்டால் அடுக்ககத்தின் எல்லாக் குழாய்களிலும் சாக்கடைதான் வரும். கிணற்றுக்குக் காட்டிய கவனத்தை சம்புக்கு நாம் காட்டவே இல்லை. முழுக்க வெளியேற்றித் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசல் விட்டு அலசிய பிறகே நிரப்ப வேண்டும். விஷவாயு இருக்கலாம், மூடியைத் திறந்தவுடன் யாரையும் உள்ளே இறக்காதீர்கள்.

அரிக்கேன் விளக்குக் காலத்தில் இல்லாத இன்னொரு எமன், மின்சாரம். தெருவில் கரண்ட் இல்லாதபோதும் வீட்டு இன்வெர்ட்டரில் உயிர் இருக்கும். தண்ணீரில் நின்றுகொண்டு எந்த ஸ்விட்சையும் தொடக் கூடாது. எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே மெயினைப் போடுங்கள்.

எலிக்காய்ச்சலும் இன்று கூடுதல் கவலை. 2018 கேரள வெள்ளத்துக்குப் பின் அது பலரைப் பலிகொண்டது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகவே நோயை ஏற்றிவிடும். காய்ச்சல் உடனே வராது. ஒன்றிரண்டு வாரம் கழித்து, வெள்ளத்தையே நாம் மறந்த பிறகு வரும். அப்போது மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். டாக்டரிடம் போய், வெள்ளத் தண்ணீரில் நடந்ததை முதலில் சொல்லுங்கள்.