காட்டுக்குள் ஒரு நாடு!

ஆப்பிரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரையில், பூமத்திய ரேகை கடலை விட்டு நிலத்தில் ஏறுகிற இடத்தில், ஒரு நாடு இருக்கிறது. அதன் பெயர் காபோன்.

இந்த நாட்டின் மேலே விமானத்தில் பறந்தால் கீழே என்ன தெரியும்? பச்சை. அதைத் தாண்டினால்? மறுபடியும் பச்சை! இடையே பழுப்பு நிற ஆறு ஒன்று வளைந்து வளைந்து ஓடும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செம்மண் பாதை தெரியும். அவ்வளவுதான். நிலத்தில் 100-க்கு 88 பங்கு காடு!

காபோனின் பரப்பு சுமார் 2 லட்சத்து 68 ஆயிரம் சதுர கிலோமீட்டர். இவ்வளவு பெரிய நாட்டில் எத்தனை பேர் வசிக்கிறார்கள் தெரியுமா? சுமார் 25 லட்சம் பேர்தான். அவர்களிலும் 10-க்கு 8 பேருக்கு மேல் பட்டணவாசிகள்.

நாடு முழுவதும் காடு. ஆனால், காட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர். இந்த வேடிக்கை எப்படி வந்தது?

முக்காடு போட்ட ஆறு

பதினைந்தாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கல் நாட்டு மாலுமிகள் இந்தக் கரைக்கு வந்தார்கள். கோமோ ஆறு கடலில் கலக்கும் இடத்தைப் பார்த்தார்கள். அதன் வடிவம், அவர்கள் ஊரில் போடும் முக்காடு வைத்த அங்கியைப் போல இருந்தது. அந்த அங்கிக்கு அவர்கள் மொழியில் ‘கபாவ்’ என்று பெயர். அதுவே காபோன் ஆயிற்று.

பிறகு வந்த வெள்ளையர் யானைத் தந்தம் வாங்கினார்கள். மனிதர்களையும் வாங்கினார்கள்! அடிமை வியாபாரம் தடுக்கப்பட்ட பிறகும் அது திருட்டுத்தனமாக நடந்தது. பிடிபட்ட ஓர் அடிமைக் கப்பலில் இருந்தவர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் விடுதலை செய்தார்கள். அவர்களை 1849-ம் ஆண்டு கோமோ ஆற்றங்கரையில் குடியேற்றினார்கள். அந்தக் குடியிருப்புக்கு ‘லிபர்வில்’ என்று பெயர் வைத்தார்கள். ‘சுதந்திர ஊர்’ என்று அர்த்தம். அதுதான் இன்று காபோனின் தலைநகரம்.

ஊருக்குத்தான் சுதந்திரம். நாடு பிரான்சுக்கு அடிமை ஆயிற்று! 1960 ஆகஸ்ட் 17-ந் தேதிதான் காபோன் விடுதலை பெற்றது.

மிதந்து வந்த பணம்

காபோன் காட்டில் ‘ஒக்குமே’ என்று ஒரு மரம் உண்டு. உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். கனம் குறைவு. அதனால் தண்ணீரில் மிதக்கும். மெல்லிய தகடுகளாகச் சீவி, ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி, பிளைவுட் பலகை செய்வதற்கு இதைப் போல மரம் கிடைப்பது அரிது.

மரத்தை வெட்டி ஒகோவே ஆற்றில் தள்ளுவார்கள். கட்டுமரம் போலக் கட்டி மிதக்க விடுவார்கள். அது மிதந்து மிதந்து கடற்கரையில் உள்ள போர்-ழான்டி துறைமுகத்துக்கு வந்து சேரும். அங்கிருந்து கப்பலேறி ஐரோப்பா போகும். பல ஆண்டுகள் காபோன் இந்த ஒரு மரத்தை நம்பியே பிழைத்தது.

மரம் வெட்டும் வேலை லேசானதா? மலேரியா, தொழுநோய், தூக்க நோய், ஆறாத புண்! இந்த ஏழைத் தொழிலாளர்களுக்கு மருந்து கொடுக்க ஒருவர் வந்தார். அவர்தான் டாக்டர் ஆல்பர்ட் சுவைட்சர்.

கோழிக் கூட்டில் ஆஸ்பத்திரி

சுவைட்சர் ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த அல்சாஸ் பகுதியில் பிறந்தவர். மத நூல்களைக் கற்றவர். ஆர்கன் என்னும் வாத்தியத்தை வாசிப்பதில் புகழ் பெற்றவர். 30 வயதில் டாக்டருக்குப் படிக்கப் போனார். 1913-ல், ஒகோவே ஆற்றின் கரையில் உள்ள லாம்பரேனேக்கு மனைவியுடன் வந்து சேர்ந்தார். கட்டடம் இல்லை. ஒரு பழைய கோழிக் கூட்டைச் சுத்தம் செய்து, அதிலே நோயாளிகளைப் பார்த்தார்!

மறு ஆண்டே முதல் உலகப் போர் வந்தது. நாடு பிரெஞ்சு நாடு. டாக்டரோ ஜெர்மன் பிரஜை. அவரைக் கைதியாக்கினார்கள். 1924-ல் திரும்பி வந்து, மறுபடியும் ஆஸ்பத்திரியைக் கட்டினார். ஐரோப்பாவில் கச்சேரி செய்து பணம் சேர்த்தார். 1952-ம் ஆண்டுக்கான சமாதான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பணத்தில் தொழுநோயாளிகளுக்கு வீடு கட்டினார். 1965-ல் லாம்பரேனேயிலேயே இறந்தார். அங்கேயே அடக்கம்.

அவர் மீது குறை சொல்பவர்களும் உண்டு. ஆப்பிரிக்கர்களிடம் அவர் அன்பு காட்டினார். ஆனால் சமமாக நடத்தவில்லை என்பார்கள். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அவர் தொடங்கிய ஆஸ்பத்திரி இன்னும் நடக்கிறது. மலேரியாவுக்குத் தடுப்பு ஊசி கண்டுபிடிப்பதற்கான சோதனை லாம்பரேனேயிலும் நடந்தது.

எண்ணெய் வந்தது, ஏர் போயிற்று

1950-களில் கடலோரத்தில் எண்ணெய் கிடைத்தது. அதோடு காபோனின் கதை மாறியது.

பணம் கொட்டியது. சர்க்கார் வேலை பெருகியது. கிராமத்து ஜனங்கள் லிபர்விலுக்கும் போர்-ழான்டிக்கும் வந்தார்கள். விவசாயம் படுத்தது. அரிசி, கோதுமை, கோழிக் கறி எல்லாம் கப்பலில் வந்து இறங்கின. காட்டை அழித்துப் பயிர் செய்யும் அவசியம் பலருக்கு இல்லாமல் போயிற்று. காபோனின் காட்டைக் காப்பாற்றியதில் எண்ணெய்க்கும் ஒரு பங்கு உண்டு!

ஆனால், பணம் எல்லோர் கைக்கும் போகவில்லை. 1967-ல் ஜனாதிபதி ஆன ஒமர் போங்கோ, 2009-ல் சாகும் வரை 41 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார். அவருக்குப் பின் மகன் அலி போங்கோ. பிரான்சில் அந்தக் குடும்பத்துக்கு உள்ள சொத்துகள் பற்றி விசாரணையே நடந்தது. நாட்டிலோ மூன்றில் ஒருவர் ஏழை.

ஒமர் போங்கோ போட்ட ரெயில் பாதை ஒன்று. தலைநகரத்தின் அருகிலிருந்து காட்டைக் குடைந்துகொண்டு சுமார் 650 கிலோமீட்டர் போகிறது. 1986-ல் வேலை முடிந்தது. மரமும் மாங்கனீசும் அதில்தான் வருகின்றன.

அந்தப் பாதை முடியும் பிரான்ஸ்வில் பக்கத்தில் ஓர் அதிசயம் நடந்தது. அங்கே ஓக்லோ என்ற சுரங்கத்தில் யுரேனியம் எடுத்தார்கள். அணு உலையில் எரியும் வகை யுரேனியம், உலகில் எங்கே எடுத்தாலும் ஒரே அளவில்தான் கலந்திருக்கும். 1972-ல் பிரான்சில் சோதித்துப் பார்த்தபோது, ஓக்லோ யுரேனியத்தில் அது குறைந்திருந்தது. யாராவது எடுத்துவிட்டார்களா? இல்லை! சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், மனிதனே தோன்றாத காலத்தில், பூமிக்குள் அது தானாகவே எரிந்திருக்கிறது. நிலத்தடி நீர் ஊறினால் எரியும். நீர் ஆவியானால் அடங்கும். இயற்கையே நடத்திய அணு உலை!

நடந்தே பார்த்த மனிதர்

1999-ல் மைக்கேல் ஃபே என்ற அமெரிக்கர், பக்கத்து நாடான கொங்கோவிலிருந்து நடக்கத் தொடங்கினார். காட்டை அறிந்த பிக்மி இனத்தார் துணைக்குப் போனார்கள். சதுப்பு நிலம், முள், பூச்சிக்கடி! ஏறத்தாழ 15 மாதம். 3 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, காபோன் கடற்கரையை அடைந்தார்.

வழியில் எடுத்த படங்களை ஒமர் போங்கோவுக்குக் காட்டினார்கள். கொரில்லா, யானை, கடல் அலையில் இறங்கும் நீர்யானை! போங்கோ வியந்து போனார். 2002-ல் ஒரே மூச்சில் 13 தேசிய பூங்காக்களை அறிவித்தார். நாட்டில் 10-ல் ஒரு பங்குக்கு மேல் அந்தப் பூங்காக்களுக்குப் போயிற்று.

எண்ணெய்க்குப் பிறகு?

1997-ல் காபோன் நாள் ஒன்றுக்கு 3 லட்சத்து 70 ஆயிரம் பீப்பாய் எண்ணெய் எடுத்தது. அதுதான் உச்சம். பிறகு இறங்குமுகம். இப்போது ஏறத்தாழ 2 லட்சம். எண்ணெய் தீர்ந்தால் ஜனங்கள் எதைச் சாப்பிடுவது? காட்டை விற்றா?

விற்கலாம், ஆனால் முழு மரமாக விற்கக் கூடாது என்று சர்க்கார் முடிவு செய்தது. 2010-ல் வெட்டிய மரத்தை அப்படியே ஏற்றுமதி செய்யத் தடை வந்தது. அறுத்து, சீவி, பலகையாக்கித்தான் அனுப்ப வேண்டும். அதற்காக லிபர்வில் அருகே ‘நிகோக்’ என்னும் இடத்தில் தொழிற்பேட்டை அமைத்தார்கள். இந்தியர்கள் நடத்தும் ஆலைகளும் அங்கே பல உண்டு. குறைவான மரத்தில் அதிக வேலை, அதிக காசு. நல்ல யோசனைதான்.

சட்டம் போட்டவர்கள் மத்தியிலேயே ஓட்டை இருந்தது! ‘கெவசிங்கோ’ என்ற அரிய மரத்தை வெட்டக் கூடாது என்று 2018-ல் தடை செய்தார்கள். மறு ஆண்டு துறைமுகத்தில் அதே மரம் பெட்டி பெட்டியாகப் பிடிபட்டது. பிடிபட்டதிலும் 350 பெட்டிகளுக்கு மேல் மாயமாய் மறைந்தன! துணை ஜனாதிபதியும் வனத்துறை மந்திரியும் பதவி இழந்தார்கள்.

காட்டைக் காப்பதற்கு உலகம் கூலி கொடுக்குமா? கேட்டுப் பார்த்தது காபோன். மரங்கள் கரியமில வாயுவை உறிஞ்சுகின்றன அல்லவா? 10 ஆண்டுகளில் 15 கோடி டாலர் வரை தருவதாக 2019-ல் நார்வே ஒப்பந்தம் செய்தது. முதல் தவணையாக 2021-ல் 1 கோடியே 70 லட்சம் டாலர் வந்தது. எண்ணெயில் வரும் பணத்தோடு பார்த்தால் இது யானைப் பசிக்குச் சோளப் பொரி!

2023 ஆகஸ்டில் பட்டாளம் அலி போங்கோவை இறக்கியது. தலைமை தாங்கிய தளபதி ஒலிகி நிகெமா, 2025 ஏப்ரல் தேர்தலில் ஜெயித்து ஜனாதிபதி ஆனார். மரத்துக்குச் செய்ததையே மாங்கனீசுக்கும் செய்யப் போவதாக அவர் அறிவித்தார். 2029 முதல் அதையும் மண்ணாக ஏற்றுமதி செய்யக் கூடாது.

வாழைத் தோட்டத்தில் யானை

காட்டு யானை என்று தனி இனம் உண்டு. உலகில் உள்ள காட்டு யானைகளில் பாதிக்கு மேல் காபோனில்தான் இருக்கின்றன. ஏறத்தாழ 95 ஆயிரம்! தந்தத் திருடர்கள் விட்டு வைக்கவில்லை. வடக்கே மின்கெபே பூங்காவில் மட்டும் 10 ஆண்டுகளில் சுமார் 25 ஆயிரம் யானைகள் அழிந்தன.

யானையைக் கொல்லக் கூடாது என்பது சட்டம். அந்த யானை இரவில் கிராமத்துக்குள் வருகிறது. வாழையையும் மரவள்ளியையும் தின்று தீர்க்கிறது. பெரும்பாலும் பெண்கள் பாடுபட்டு வளர்த்த தோட்டம் அது. ஒரு வருஷச் சாப்பாடு ஒரே ராத்திரியில் போய்விடும். ‘சர்க்காருக்கு யானை பெரிதா, மனிதன் பெரிதா?’ என்று கிராமத்தார் கேட்கிறார்கள். கேட்க மாட்டார்களா?

காட்டிலேயே யானைக்குத் தீனி குறைகிறது என்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். லோப்பே பூங்காவில் 30 ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு மரமாகப் பார்த்துக் கணக்கு எழுதி வருகிறார்கள். முன்பு பழம் கிடைத்த இடங்களில் இப்போது 5-ல் 4 பங்கு குறைந்துவிட்டது. சில மரங்கள் பூப்பதற்கு இரவில் குளிர் வேண்டும். அந்தக் குளிர் இப்போது இல்லை. யானைகளும் இளைத்துவிட்டன.

சில ஊர்களில் தோட்டத்தைச் சுற்றி மின்சார வேலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வேலி வராத ஊர்களில் ஜனங்கள் இன்னும் பாத்திரத்தைத் தட்டி, தீ மூட்டி, விடிய விடியக் காவல் இருக்கிறார்கள்.