பெயர்களின் பூர்வீகம் – 9: முதலெழுத்தில் குடியிருக்கும் ஊர்

தெலுங்கு நாட்டில் வீட்டுப் பெயரானது மனிதனுடைய பெயருக்கு முன்னே நின்று, அவன் இன்ன குலத்தவன், இன்ன குடும்பத்தில் பெண் எடுக்கலாம், இன்ன குடும்பத்தில் எடுக்கலாகாது என்பதையெல்லாம் தெரிவிக்கும் விதத்தைச் சென்ற இதழில் பார்த்தோம். அத்தகைய குடும்பப் பெயர் ஏதுமின்றியே தலைமுறை தலைமுறையாக வாழ்க்கை நடத்திவந்திருக்கும் தமிழர், யார் எவர் என்று ஒருவரையொருவர் எவ்வாறு அடையாளம் கண்டுகொண்டனர் என்ற கேள்விக்கு விடை தேட, இந்த வாரம் திண்டுக்கல் சமவெளிக்குப் போவோம்.

திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானலுக்குச் செல்லும் பாதையில், மலை ஏறுவதற்கு முன்னர் வரும் வத்தலக்குண்டு, தமிழ் உரைநடைக்கு அளித்த கொடை அதன் அளவுக்கு மிகப் பெரிது. 'கமலாம்பாள் சரித்திர'த்தை விவேக சிந்தாமணியில் தொடர்கதையாக எழுதி, இருபத்தாறாம் வயதில் 1898-இல் மறைந்துபோன பி. ஆர். ராஜமய்யர் இவ்வூரில் பிறந்தவர். மணிக்கொடியின் ஆசிரியராக இருந்து சிறுகதைக்கு வாழ்வு கொடுத்த பி. எஸ். ராமையாவும் 1905-இல் இங்கேதான் பிறந்தார். இவ்விருவர் பெயருக்கும் முன்னால் நிற்கும் 'பி' என்ற எழுத்தைப் பாருங்கள். ஊரின் பெயரைக் குறிக்க வந்த எழுத்து அது. ஆனால் வத்தலக்குண்டில் அந்த எழுத்துக்கு இடமே இல்லை. வெற்றிலைக்குண்டு என்பதே மருவி வத்தலக்குண்டு ஆயிற்று என்று ஊரார் சொல்லிக்கொண்டிருக்க, வெள்ளைக்காரத் துரைத்தனத்தார் அதைப் பட்லகுண்டு என்று தங்கள் ஏட்டில் எழுதிவைத்தார்கள். ஆங்கிலப் பள்ளியிலும் உத்தியோகத்திலும் புகுந்த பிள்ளைகளின் பெயரில், தாய்மொழியில் வழங்கிய ஊர் போய், துரைத்தனத்தின் ஊர் வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலெழுத்து என்னும் இந்த ஏற்பாடே ஆங்கிலக் கல்வியோடு வந்ததுதான் என்றாலும், அதன் உள்ளிருக்கும் பொருள் புதியதன்று. நிலத்தை விற்கவும் வாங்கவும் எழுதப்படும் பத்திரங்களில் 'இன்ன தாலுகா இன்ன கிராமத்தில் குடியிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்' என்று நீட்டி முழக்கும் வாசகம் ஒன்று உண்டு. ஊர், தகப்பன், தான் என்ற அந்த வரிசை சிறிதும் பிசகாமல் இரண்டு எழுத்தாகவும் ஒரு பெயராகவும் சுருங்கியதே நமது முதலெழுத்து முறை என்பது என் அபிப்பிராயம்.

வத்தலக்குண்டில் வளர்ந்த மற்றோர் எழுத்தாளர், 'எழுத்து' பத்திரிகையை 1959-இல் தொடங்கிய சி. சு. செல்லப்பா. பிறந்த ஊராகிய சின்னமனூரின் 'சி'யையும், தகப்பனார் சுப்பிரமணியத்தின் 'சு'வையும் அவர் தமிழிலேயே போட்டுக்கொண்டார். எஸ் என்பதை விட்டுச் சு என்று எழுதியதில் ஒரு காலமே திரும்பி நிற்கிறது. பள்ளி மாணவர்களும் அரசு அலுவலகங்களும் முதலெழுத்தைத் தமிழில் எழுத வேண்டும் என்று தமிழக அரசு ஆணை பிறப்பித்தது 2021-ஆம் ஆண்டின் இறுதியிலேதான்.

இந்த எழுத்தாளர்களின் காலத்தில் பெயரின் பின்பக்கத்திலும் ஒரு மாறுதல் நடந்தது. ராஜமய்யருக்கு ஐயர் பட்டம் பெயரோடு ஒட்டியே இருந்தது; ராமையாவும் செல்லப்பாவும் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கும்படி அறைகூவிய பிறகு, தமிழ்நாட்டில் அப்பட்டங்கள் பொதுவாழ்விலிருந்து படிப்படியாக உதிர்ந்தன. ஒருவரை இன்னாரென்று காட்டும் பாரம் முழுவதையும் அதன்பின் முன்னால் நின்ற எழுத்துகளே சுமக்க நேர்ந்தது.

அந்த எழுத்துகள் பெண்ணுக்கும் உரியவையாக நிலைத்ததற்கு நல்ல உதாரணம் இதே திண்டுக்கல் சமவெளியில், சின்னாளப்பட்டிக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே 1947-இல் காந்திகிராமத்தைத் தோற்றுவித்த டாக்டர் சௌந்தரம், ஜி. ராமச்சந்திரனை மணந்த பின்னரும் டி. எஸ். சௌந்தரம் என்று அறியப்பட்டார். அவருடைய தந்தை டி. வி. சுந்தரம் ஐயங்கார்; டி என்பது திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடி. அந்தத் தந்தையின் முதலெழுத்துகளோ, மோட்டார்த் தொழிலில் இறங்கியதன் பயனாக, ஒரு பெரிய வியாபாரக் குடும்பத்தின் பெயராகவே ஆகிவிட்டன. ஒரு தலைமுறையோடு மாறிவிட வேண்டிய எழுத்துகள் பரம்பரைச் சொத்தானது அபூர்வம்.

மற்றவர்க்கெல்லாம் பரம்பரை எப்படித் தொடர்ந்தது? மூத்த பேரனுக்குப் பாட்டன் பெயரை இடும் வழக்கத்தால் தொடர்ந்தது. ராமசாமியின் மகன் ரா. சுப்பையா, அவன் மகன் சு. ராமசாமி, அவன் மகன் மறுபடியும் ரா. சுப்பையா. இரண்டே பெயர்கள் ஒன்றுக்கொன்று முதலெழுத்தாக மாறி மாறி நின்று, குடும்பப் பெயர் செய்யும் வேலையைக் குடும்பப் பெயர் இல்லாமலே செய்துவந்தன. இன்று கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கென்று விட்டிருக்கும் கட்டத்தில் தகப்பன் பெயரை எழுதிவிட்டு, அயல்நாட்டில் அதனாலேயே அழைக்கப்படும் இளைஞர்கள், நமது முறையைக் கெடுத்தது அந்தக் கட்டம்தான் என்று குறைபடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டன் பெயர் பழசு என்று ஒதுக்கி, எண் கணிதத்துக்கும் நாகரிகத்துக்கும் ஏற்பப் பிள்ளைக்குப் பெயர் தேடத் தொடங்கிய அன்றே, மாறி மாறி வந்த அந்தச் சங்கிலி நம் வீட்டிலேயே அறுந்துவிட்டது. விண்ணப்பத்தின் கட்டம் அதைப் பின்னால் வந்து நமக்கு உணர்த்தியது, அவ்வளவே.

பாட்டன் பெயரையும் தள்ளிவைத்துவிட்டுத் தெய்வத்தின் பெயரை இடவேண்டிய நிர்ப்பந்தம் ஒன்று முற்காலத்திலும் இருந்தது: அதுவே நேர்த்திக்கடன். பழனி ஆண்டவரும், கோட்டை மாரியம்மனும், நாகூர் ஆண்டவரும், ஆரோக்கிய மாதாவும் இந்தச் சமவெளியின் குழந்தைகளுக்கு அளித்த பெயர்களை அடுத்த இதழில் ஆராய்வோம்.

(தொடரும்)