யார் பொறுப்பில் மலையேறுகிறோம்?

சனிக்கிழமை இரவு புறப்பாடு, ஞாயிறு விடியும் முன் அடிவாரம், ஆளுக்கு இவ்வளவு ரூபாய், ஜிபே செய்தால் இடம் உறுதி. இப்படி ஒரு வாட்ஸ்அப் அழைப்பை நம்பி முன்பின் தெரியாதவர்களோடு மலையேறக் கிளம்புகிறவரிடம் வீட்டில் முதலில் கேட்பது, "கூட வர்றவங்க யாரு?" என்பதுதான். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, இந்தக் கூட்டத்துக்குப் பொறுப்பு யார் என்பது. அனுமதி வாங்கியாகிவிட்டது என்று புதிதாக வந்தவர் நினைத்துக்கொள்கிறார். வருபவருக்கு மலை பழக்கமாக இருக்கும் என்று ஏற்பாட்டாளர் நினைத்துக்கொள்கிறார். ஆபத்து இந்த இரண்டு நினைப்புக்கும் நடுவில்தான் இருக்கிறது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்தது இதற்குச் சான்று. சென்னையிலிருந்து ஒரு குழுவும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து இன்னொரு குழுவும் கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கின. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீக்காயத்தோடு மருத்துவமனையில் நாட்கணக்கில் போராடி இறந்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் சென்ற பாதைக்கு அனுமதி பெறவில்லை என்றது வனத்துறை. வனச்சரகர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார், அரசு மூத்த அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணைக்கு உத்தரவிட்டது. மார்ச்சில் மலைச்சரிவுப் புல் சருகாகிவிடும். கீழே பற்றும் தீ தனக்கு மேலிருக்கும் புல்லைச் சூடேற்றிக்கொண்டே ஏறுவதால், சமவெளியில் பரவுவதைவிடச் சரிவில் பல மடங்கு வேகமாகப் பரவும். மேலே ஓடித் தப்ப முடியாது. உள்ளூர் ஆட்களுக்கு இது தெரியும். நகரத்திலிருந்து வரும் ஏற்பாட்டாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அந்த விபத்துக்குப் பிறகுதான் தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த 2018-லேயே விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கி, 40 பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு செய்யவும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு செல்லவும் வழி வந்தது. காட்டுத்தீக் காலத்தில் அந்தப் பாதைகள் மூடப்படும். கட்டணம் அதிகம், காட்டில் நடக்கக்கூட அரசிடம் கைகட்டி நிற்க வேண்டுமா என்ற முணுமுணுப்பு இருக்கிறது. கட்டணத்தைப் பற்றிய குறையில் நியாயம் உண்டு. மாணவர்களுக்கு அது சுமைதான். அனுமதியைப் பற்றிய குறையை ஏற்க முடியாது. யானை நடமாட்டமுள்ள காட்டில் இருட்டோடு இருட்டாக யார் உள்ளே போனார்கள் என்ற கணக்கே இல்லாவிட்டால், தேடப் போகிறவர்கள் எத்தனை பேரைத் தேடுவார்கள்? காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பதும், வழக்கு ஏற்பாட்டாளர் மீது மட்டுமின்றி நடந்தவர் மீதும் பாயலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. ஆகவே பணம் கட்டுமுன் பாதையின் பெயர், தேதி, ஆள் எண்ணிக்கை குறித்த அனுமதியைக் கண்ணால் பார்க்கக் கேளுங்கள். காட்டத் தயங்கும் குழுவோடு போகாதீர்கள்.

"எது நடந்தாலும் நானே பொறுப்பு" என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதோடு எல்லாம் முடிந்தது என்று இரு தரப்பும் நம்புகின்றன, அது தவறு. பணம் வாங்கிக்கொண்டு தரும் சேவையில் அலட்சியம் இருந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு. இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்தும் பார்க்கலாம். "நாங்கள் லாபத்துக்கு நடத்தவில்லை, செலவைத்தான் பங்கிடுகிறோம்" என்று குழுக்கள் சொல்லும். முழு இலவச சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்பது உண்மையே. ஆனால் அலட்சியத்தால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு பணம் வாங்கினார்களா என்று பார்ப்பதில்லை. தண்டனை ஐந்தாண்டுவரை போகலாம்.

வழியில் யாராவது அத்துமீறினால், இடம் எந்தக் காவல் நிலைய எல்லையில் வருகிறது என்ற குழப்பம் தடையாக வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் நாலு எட்டு வைத்தால் கேரளம் வந்துவிடும் இடங்கள் உண்டு. எல்லை எதுவானாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிந்தாக வேண்டும். ஊர் திரும்பிய பின் சொந்த ஊர் நிலையத்திலும் கொடுக்கலாம். அப்போது சான்று வேண்டும். ஏதாவது நடந்த மறுநாள் வாட்ஸ்அப் குழுவே கலைக்கப்பட்டிருக்கலாம் என்பதால், அழைப்பு, ஏற்பாட்டாளரின் எண், பணம் கட்டிய ரசீது மூன்றையும் கிளம்புமுன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அனுமதிச் சீட்டின் படத்தோடு வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.