நகல் இருந்தால் போதுமா? அது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

பிரான்சு நாட்டின் கிழக்கு எல்லையில், ரைன் நதிக்கரையில் ஸ்டிராஸ்பர்க் என்ற நகரம் இருக்கிறது. அங்கே ஓ.வி.எச். என்ற கம்பெனிக்கு 5 மாடிக் கட்டிடம் ஒன்று இருந்தது. அதில் ஆட்கள் குடியிருக்கவில்லை. மாடிக்கு மாடி கம்ப்யூட்டர்கள் அடுக்கி வைக்கப்பட்டு இருந்தன. கடைக்காரர்கள், பத்திரிகைகள், சங்கங்கள், அரசு அலுவலகங்கள் என்று பலருடைய இணையதளங்கள் அந்தக் கம்ப்யூட்டர்களில்தான் இருந்தன.

2021-ம் ஆண்டு மார்ச் 10-ந்தேதி நள்ளிரவு 12.47 மணிக்கு அங்கே தீப்பிடித்தது. அந்தக் கட்டிடம் முழுவதும் எரிந்து நாசமாயிற்று. பக்கத்துக் கட்டிடத்திலும் ஒரு பகுதி எரிந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் 36 லட்சம் இணையதளங்கள் ஒரே நாளில் இருண்டு போயின!

தீ பரவாத கட்டிடங்களில் இருந்தவை, மின்சாரம் வந்ததும் மெல்ல மெல்லத் திரும்பின. எரிந்த கட்டிடத்தில் இருந்தவற்றின் கதி என்ன? வேறு ஊரில் நகல் வைத்திருந்தவர்கள் புது இடத்தில் மீண்டும் கடை திறந்தார்கள். நகல் இல்லாதவர்கள் கையை விரித்தார்கள். "ரஸ்ட்" என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை நடத்தும் கம்பெனி, தன்னுடைய 25 சர்வர்களில் இருந்த தகவல்கள் போனது போனதுதான், திரும்பாது என்று அறிவித்தது.

ஒரே கூரையின் கீழ்

இதில் இன்னொரு வேதனை உண்டு. "நகல் எடுத்து வைக்கிறோம்" என்ற கம்பெனியின் பேச்சை நம்பித் தனியாகப் பணம் கட்டியவர்களும் இருந்தார்கள். அப்படிப் பணம் கட்டிய ஒருவருக்கு நகலும் அதே கட்டிடத்தில்தான் இருந்தது. அசலும் எரிந்தது. நகலும் எரிந்தது.

அவர் வழக்குப் போட்டார். லீல் நகர வணிகக் கோர்ட்டு 2023-ம் ஆண்டு, 1 லட்சம் யூரோவுக்கு மேல் நஷ்டஈடு கொடுக்கும்படி தீர்ப்புச் சொன்னது. கோர்ட்டு பணம் வாங்கித் தரலாம். எரிந்து போன தகவலை எந்தக் கோர்ட்டும் வாங்கித் தர முடியாது.

வீட்டுச் சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே கொத்தில் கோர்த்துப் பையில் வைத்துக்கொண்டால், கொத்து தொலையும்போது இரண்டும் சேர்ந்துதானே தொலையும்?

தென்கொரியாவில் நடந்தது, குமாஸ்தா வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு நன்றாகப் புரியும். அங்கே அரசு ஊழியர்கள் தங்கள் ஆபீஸ் கோப்புகளைச் சேர்த்து வைக்க "ஜி-டிரைவ்" என்ற பொதுக் கிடங்கு இருந்தது. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந்தேதி, தேஜான் நகரில் உள்ள அரசு கம்ப்யூட்டர் மையத்தில் பேட்டரியில் பிடித்த தீ பரவி அந்தக் கிடங்கு அழிந்தது. 858 டெராபைட் கோப்புகள் போயின. கடையில் விற்கிற 1 டெராபைட் டிஸ்க்கில் 858 டிஸ்க் நிறையும் அளவு அது! "அளவு மிகப் பெரியது, அதனால் வெளியே நகல் எடுக்கவில்லை" என்று காரணம் சொல்லப்பட்டது.

5 வழி இருந்தும் பலன் இல்லை

சரி, வேறு இடத்தில் நகல் எடுத்துவிட்டால் கவலை விட்டதா? அதுவும் இல்லை.

"கிட்லேப்" என்பது கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையைச் சேர்த்து வைக்கும் பிரபல இணையதளம். 2017-ம் ஆண்டு ஜனவரி 31-ந்தேதி இரவு அங்கே ஒரு என்ஜினீயர் நெடுநேரம் விழித்திருந்து பழுது பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சர்வர்கள். ஒன்று அசல். மற்றொன்று அதன் இரட்டை. இரட்டையைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிரப்ப நினைத்தார். கட்டளையைக் கொடுத்தார். ஆனால் கொடுத்தது அசல் சர்வரில்!

இரண்டொரு நொடியில் திடுக்கிட்டு நிறுத்தினார். அதற்குள் 300 கிகாபைட்டில் மிஞ்சியது நாலரை கிகாபைட்தான்.

உடனே நகலைத் தேடினார்கள். அந்தக் கம்பெனி 5 விதமான பாதுகாப்பு ஏற்பாடுகள் வைத்திருந்தது. ஒன்றையும் நம்ப முடியவில்லை. தினமும் நகல் எடுக்க வேண்டிய புரோகிராம் பழைய பதிப்பு. அது சர்வரோடு பொருந்தாமல், எதையும் எடுக்காமலே நின்று போயிருந்தது. "வேலை நடக்கவில்லை" என்று எச்சரிக்க வேண்டிய இ-மெயிலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. எடுத்து வைத்த நகலை யாராவது ஒருநாள் திறந்து பார்த்திருந்தால் விஷயம் முன்பே தெரிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை.

வேறு வேலைக்காக 6 மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக எடுத்த ஒரு பிரதி கைகொடுத்தது. சுமார் 18 மணி நேரம் கழித்து இணையதளம் உயிர் பெற்றது. இடைப்பட்ட 6 மணி நேர வேலை போயிற்று. நடந்ததை மூடி மறைக்காமல் அந்தக் கம்பெனியே விவரமாக எழுதி வெளியிட்டது.

டெல்லி ஆஸ்பத்திரியைக் காப்பாற்றியது எது?

நம் நாட்டிலும் இப்படி ஒரு சோதனை வந்தது. 2022-ம் ஆண்டு நவம்பர் 23-ந்தேதி டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் முடங்கின. விஷமிகள் உள்ளே புகுந்து தகவல்களைப் பூட்டிவிட்டார்கள். 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டதாகப் பாராளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. நோயாளிகளின் பெயரைக் கையால் எழுதிச் சீட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆனால் விஷமிகளின் கைபடாத ஒரு சர்வரில் நகல் இருந்தது. அதிலிருந்து நோயாளிகளின் தகவல் முழுவதும் எடுக்கப்பட்டு, புது சர்வர்களில் ஏற்றப்பட்டது. 2 வாரத்தில் பெரும்பாலான வேலைகள் பழைய நிலைக்கு வந்தன. தனியாக இருந்த நகல்தான் காப்பாற்றியது.

நமக்கு என்ன?

இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம், நமக்கு என்ன என்று கேட்கலாம்.

ஊரைவிட்டு வந்து பிழைக்கிற நம்மவர்களில் எத்தனையோ பேர் இன்று இணையதளம் வைத்திருக்கிறார்கள். தமிழ்ச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், பொங்கல் விழாப் படங்கள், பழைய மலர்கள், சிறு வியாபாரியின் ஆர்டர் கணக்கு எல்லாம் அதில் இருக்கின்றன. இவற்றில் பலவற்றுக்குக் காகிதத்தில் அசல் கிடையாது.

பெரும்பாலும் சங்கத்தில் உள்ள ஒரு பையன் அதை அமைத்துக் கொடுத்திருப்பான். பாஸ்வேர்டு அவனிடம் இருக்கும். அவன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போவான். வருடச் சந்தா கட்ட ஆள் இருக்காது. கெடு தாண்டியதும் இடம் கொடுத்த கம்பெனி எல்லாவற்றையும் அழித்துவிடும். இணையதளம் போக தீவிபத்து தேவையில்லை. மறதியே போதும்!

எதை நகல் எடுப்பது?

சாதாரணமாக ஓர் இணையதளத்துக்கு இரண்டு பாகம் உண்டு. ஒன்று, படங்களும் பக்க அமைப்பும் அடங்கிய கோப்புகள். மற்றொன்று, கட்டுரைகளும் உறுப்பினர் பெயர்களும் ஆர்டர்களும் பதிவாகும் "டேட்டாபேஸ்". படக்கோப்புகளை மட்டும் எடுத்துவிட்டு நகல் எடுத்தாயிற்று என்று நினைப்பவர்கள் உண்டு. அது உடல். டேட்டாபேஸ்தான் உயிர். இரண்டும் வேண்டும்.

வேர்டுபிரஸ் முறையில் அமைந்த தளமானால், நகல் எடுக்க இலவசமான துணைப் புரோகிராம்களே கிடைக்கின்றன. வாடகை இடத்தில் "சி-பேனல்" வசதி இருந்தால் அதிலேயே "பேக்கப்" என்ற பகுதி இருக்கும். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். எடுத்த நகலை அதே சர்வரில் விட்டுவைத்தால் ஸ்டிராஸ்பர்க் கதைதான். உடனே இறக்கி வெளியே கொண்டு வந்துவிட வேண்டும்.

எங்கே, எத்தனை?

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் "3-2-1" என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அசலையும் சேர்த்து 3 பிரதிகள். 2 விதமான சாதனங்களில். அதில் 1 பிரதி வேறு ஊரில் அல்லது வேறு கட்டிடத்தில்.

சங்கத்துக்கு இது பெரிய செலவு இல்லை. சர்வரில் அசல். செயலாளர் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று. வேறு கம்பெனியின் இணையக் கிடங்கில் ஒன்று. ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரில் செருகியே வைக்கக்கூடாது. கம்ப்யூட்டரில் விஷமி புகுந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவான். உறுப்பினர்களின் முகவரியும் போன் நம்பரும் நகலில் இருப்பதால், கண்டவர் கையில் அது சிக்கவும் கூடாது.

எத்தனை நாளுக்கு ஒரு முறை எடுப்பது? "எத்தனை நாள் வேலை போனால் தாங்குவேன்?" என்று உங்களையே கேளுங்கள். தினமும் ஆர்டர் வரும் கடைக்குத் தினமும் வேண்டும். மாதம் ஒரு செய்தி போடும் சங்கத்துக்கு மாதம் ஒரு முறையும், ஏதாவது மாற்றுவதற்கு முன் ஒரு முறையும் போதும். பழைய நகலை உடனே அழிக்க வேண்டாம். தளத்தில் விஷமம் நடந்தது சில வாரம் கழித்துத் தெரிய வரலாம். அப்போது நேற்றைய நகலிலும் அந்த விஷம் இருக்கும். இரண்டு மாதத்துக்கு முந்திய நகல்தான் உதவும்.

ஒத்திகை பாருங்கள்

எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது, எடுத்து வைத்த நகலில் இருந்து தளத்தைத் திரும்ப எழுப்பிப் பார்க்க வேண்டும். அசல் தளத்தின் மேல் அல்ல. தனி இடத்தில், அல்லது உங்கள் கம்ப்யூட்டரிலேயே.

முதலில் நகல் கோப்பு பிரிகிறதா, அளவு வழக்கம்போல இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு காலி டேட்டாபேஸ் உண்டாக்கி, நகலில் உள்ளதை அதில் ஏற்றுங்கள். கோப்புகளைப் பக்கத்தில் வைத்து, டேட்டாபேசின் புதுப் பெயரையும் பாஸ்வேர்டையும் அமைப்புக் கோப்பில் மாற்றுங்கள். தளத்தைத் திறந்து, கடைசியாகப் போட்ட செய்தி இருக்கிறதா, படம் தெரிகிறதா, உறுப்பினர் எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் குறித்து வையுங்கள்.

இதைச் செய்யத் தெரியாவிட்டால், தளம் அமைத்துக் கொடுத்தவரிடம், "நகல் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "இருக்கிறது" என்றுதான் சொல்வார். "அதிலிருந்து எழுப்பிக் காட்டு" என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு காகிதத்தில் இவற்றை எழுதுங்கள்: தளத்தின் பெயர் யார் பேரில் பதிவாகி இருக்கிறது, சந்தா கெடு எந்தத் தேதி, நகல் எங்கே இருக்கிறது, எழுப்பும் முறை என்ன. பாஸ்வேர்டுகளைத் தனி உறையில் வைத்து ஒட்டுங்கள். சங்கத்தில் இரண்டு பேருக்காவது அந்த இடம் தெரிந்திருக்கட்டும். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டியது இதற்குத்தான்.